பத்தொன்பதாம் சாடி

என்னை நடுவராக்கியதற்கு
சங்கச் செயலர் டெல்மா பார்ட்ஷ் சொன்ன காரணம்:
"இந்த ஊரில் நீ ஒருத்திதான்
யாருக்கும் அத்தை இல்லை, யாருக்கும் மருமகளும் இல்லை."

தெற்கு ஆஸ்திரேலியா. மார்ச் கடைசிச் சனி.
அறுவடை முடிந்த திராட்சைக் கொடிகள்
வேலை விட்டு வந்தவர்கள்போல் தோள் தளர்ந்து நிற்க,
தேவாலயக் கூடத்து நீள மேசையில்
முப்பத்தொரு கண்ணாடிச் சாடிகள்.
உள்ளே வெள்ளரிக்காய், சதகுப்பை, கல்லுப்பு,
மேலே போர்த்திய ஒரு திராட்சை இலை.
பெயர் கிடையாது. எண் மட்டும்.

ஊறுகாய் என்றால் எனக்கு எண்ணெய் மிதக்க வேண்டும்,
மிளகாய் கண்ணைக் கரிக்க வேண்டும்.
இது தண்ணீரில் கிடந்து தானே புளித்தது.
போகட்டும், ஊறியது ஊறியதுதான்.
சங்கடம் வேறு:
நான் இந்த ஊர் மருந்துக்கடைக்காரி.
கூடத்தின் ரத்தக் கொதிப்பு முழுக்க என் அலமாரியில்.
ஏழாம் எண்ணைக் கடித்ததுமே நாக்கு கணக்குப் போட்டது:
காலையில் ஐந்து மில்லிகிராம், இரவில் பத்து.

ஊரின் பெயர் ஹார்ட்லி.
அதற்கு முன் லிண்டன்தால், லிண்டன் மரப் பள்ளத்தாக்கு.
அந்த மரம் இங்கே ஒன்றுகூட முளைத்ததில்லை;
கப்பலில் வந்தவர்கள்
யூகலிப்டஸ் நிழலில் உட்கார்ந்து வைத்த பெயர்.
முதல் உலகப் போரில் அரசு அதை வெட்டிற்று.
பலகையைக் கழற்ற வந்த ஆள்
இரண்டு துண்டு கேக் தின்றுவிட்டுத்தான் ஏணியில் ஏறினான்
என்று டெல்மா நேற்றுப் பார்த்ததுபோலச் சொல்வாள்.
ஊறு என்றால் எங்கள் மொழியில் கேடு என்றும் பொருள்.
அதை அவளுக்கு எப்படிச் சொல்ல? சொல்லவில்லை.

பேண்ட் வாத்தியங்களை அள்ளிப் போக
போலீஸ் வண்டி வந்த அன்று
நோஸ்கே வீட்டில் ஒரு கார்னெட்டை மட்டும்
வெள்ளரிப் பீப்பாயில் முக்கிவிட்டார்கள்.
மூன்று வருஷம் உப்புத்தண்ணீர் குடித்தது.
எடுத்தபோது பித்தளை பச்சை,
நடு வால்வு அசையவில்லை.
"அந்தப் பீப்பாய்க் காயை என்ன செய்தார்கள்?"
"தின்றார்கள்," என்றார் மெர்வ் நோஸ்கே, "வீணாக்கவா முடியும்?"
செம்பு நஞ்சு என்று நான் வாய் திறக்கவில்லை.
மிஞ்சிய அந்த ஒரு கருவியை வைத்தே
அறுவடை வால்ட்ஸை மறுபடி வாசித்தார்கள்,
வராத சுரத்துக்கு ஒரு மூச்சு இடம் விட்டு.
அந்த இடத்தில் கூடமே காலால் ஒரு தட்டு.
நூறு வருஷமாய் அதே தட்டு.

இந்த முறை
கிரேட்ஸ் வீட்டு டேரில், பதினேழு வயது,
அடிலெய்டில் வாங்கிய புது டிரம்பெட்டோடு
அங்கே மூச்சு விடவில்லை.
சுரத்தை வாசித்துவிட்டான்.
சுத்தமாக, பளிச்சென்று,
எழுதியவர் எழுதிய அப்படியே.

தூக்கிய கால்கள் அந்தரத்தில் நின்றன.
ட்யூபா தடுமாறி ஓய்ந்தது.
பின்வரிசையில் யாரோ உரக்கவே சொன்னார்:
"பையன் தப்பாக வாசிக்கிறான்."

பிறகு ஒரு சத்தமும் இல்லை.
பாதி வாய்க்குள் இருந்த பத்தொன்பதாம் எண்ணை
எவ்வளவு நேரம்தான் பிடித்திருப்பேன்?
நொறுக்.

முதலில் சிரித்தது டேரில்.
பிறகு வரிசை வரிசையாய்க் கூடம்.
வால்ட்ஸ் முதலிலிருந்து தொடங்கியது;
இந்தத் தடவை அவன் இடம் விட்டானா என்று
எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு கால்கள்.

முதல் பரிசு பத்தொன்பதுக்கு.
சுவைக்கா, சத்தத்துக்கா என்று டெல்மா கேட்கவில்லை;
சாடி அவளுடையது.

ஏழாம் எண் மெர்வ்.
பதினைந்து நாள் என் கடைப் படி மிதிக்கவில்லை.
முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய்
வேறு ஊரில் மாத்திரை வாங்கினாராம்.
பதினாறாம் நாள் வந்தார்,
ஒரு கையில் மருந்துச் சீட்டு, மறு கையில் ஒரு சாடி.
"உப்பைக் குறைத்திருக்கிறேன். தின்று பார்."

அவர் போனதும் தின்று பார்த்தேன்.
குறைக்கவில்லை.
சீட்டைப் பிரித்தேன்:
டாக்டர்தான் மாத்திரையைக் கூட்டியிருந்தார்.